செத்தும் எழுந்து வருபவை: விளையாட்டில் எப்படி வகை பிரிப்பது, என்ன பெயர் வைப்பது?

கட்டம்போடுபவன்:

நண்பர்களே, இரண்டு வருடமாக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். கட்டங்களில் படை நகர்த்தி, முறைவைத்து ஆடும் வகை. முழுக்கத் தமிழில். மனிதர், விலங்கு, அசுரர் எல்லாருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. செத்துப்போய் மறுபடி எழுந்து வருபவற்றில்தான் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மொத்தம் 19 உருவங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். எலும்புக்கூடு, ஸோம்பி, கூல், வைட், ரைத், ஸ்பெக்டர், லிச், மம்மி, வாம்பயர், ரெவனன்ட், டெத் நைட், பான்ஷி என்று போகிறது பட்டியல். முதலில் இதே ஒலியைத் தமிழ் எழுத்தில் போட்டேன். ஆடிப்பார்த்த நான்கு பேரில் இரண்டு பேர் வைட்டையும் ரைத்தையும் கடைசிவரை ஒன்றென்றே நினைத்து ஆடினார்கள். அப்புறம் தமிழில் மாற்றினேன்: பேய், கொடும்பேய், பெரும்பேய், பேயரசன். இப்போது நான்கு பேருமே குழம்பினார்கள். எது பறக்கும், எதை வாளால் வெட்ட முடியும், எது நஞ்சுக்கு மசியாது என்று பெயரைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

பொதுப்பெயரும் கிடைக்கவில்லை. 'அன்டெட்' என்பதை 'இறவாதோர்' என்று எழுதினால் அமுதம் உண்ட தேவர்கள் மாதிரி இருக்கிறது. இவை இறந்தவை. இறந்த பிறகும் போகாதவை. எப்படிப் பிரிப்பது, என்ன சொல்லி அழைப்பது?

மூத்தபகடை:

தம்பி, இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டை வெளியிட்டபோது, மதகுரு பாத்திரம் புனிதச் சின்னத்தை நீட்டினால் எவை எவை பின்வாங்கும் என்று ஒரு அட்டவணை போட்டார்கள். எட்டுப் படி: எலும்புக்கூடு, ஸோம்பி, கூல், வைட், ரைத், மம்மி, ஸ்பெக்டர், வாம்பயர். மதகுருவின் நிலை ஏறஏற மேல்படியில் இருப்பவற்றையும் விரட்டலாம்.

அது ஏணி. எது எதைவிடப் பலசாலி என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. நடுவில் ரைத்துக்கு உடல் கிடையாது, அடுத்த படியில் இருக்கும் மம்மிக்கு உடல்தான் எல்லாம். இந்த ஏணியைப் பின்னால் வந்தவர்கள் குடும்ப மரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். பேய், கொடும்பேய், பெரும்பேய் என்றால் படி தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

எல்லை எவ்வளவு தளர்வானது என்பதற்கு நிழலைப் பார். 'ஷேடோ' என்று ஒரு எதிரி, தொட்டால் வலிமை குறையும். 1977இல் வந்த மேம்பட்ட விதிகளின் உயிரிகள் நூலில் அது செத்தவை கூட்டத்தில் இருக்கிறது. 1981இல் வந்த அடிப்படை விதிகளில், இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, மதகுருவால் விரட்ட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அதே நிழல், அதே தொடல். சின்னத்துக்குப் பயப்படுமா இல்லையா என்பதுதான் வேறுபாடு. அந்த விளையாட்டில் 'அன்டெட்' என்றால் ஆரம்பத்தில் அவ்வளவுதான் பொருள்: சின்னம் காட்டினால் ஓடுவது.

படிக்கட்டில்நிற்பவள்:

நெட்ஹேக் ஆடுபவர்களுக்கு இது எழுத்திலேயே தெரியும். 1987இல் வந்த விளையாட்டு, திரையில் ஒவ்வொரு எதிரியும் ஒரே ஓர் எழுத்து. ஸோம்பிக்கு ஒன்று, மம்மிக்கு ஒன்று, வாம்பயருக்கு ஒன்று, லிச்சுக்கு ஒன்று. எலும்புக்கூடும் கூலும் ஸோம்பியின் எழுத்திலேயே அடங்கும். வைட்டும் ரைத்தும் ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆவிக்கு எழுத்தே கிடையாது, வெறும் இடைவெளி. காலி இடம் நகர்ந்து வந்து அடிக்கும். முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அதைவிடச் சரியான பெயர் ஆவிக்கு எந்த மொழியிலும் யாரும் வைத்ததில்லை என்பேன்.

ரைத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளில் அது தொட்டால் நம் நிலை குறையும். நெட்ஹேக்கில் அதைக் கொன்று அதன் பிணத்தைத் தின்றால் ஒரு நிலை ஏறும். உடலில்லாதது என்று நினைத்தது பிணம் விட்டுச் செல்கிறது! ஆனால் இடுகாட்டுத் தளங்களில் செத்தவை பிணம் விடுவது மிக அரிது. அதனால் ரைத் கண்ணில் பட்டதும் நான் அடிப்பதில்லை. படிக்கட்டுக்குப் பின்வாங்குவேன், அது ஒட்டி வந்து நிற்கும்வரை காத்திருப்பேன், இரண்டு பேருமாக மேல்தளத்துக்குப் போவோம். அங்கேதான் வெட்டுவேன். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு விதி. பெயர் அதைச் சொல்லவில்லை, அனுபவம்தான் சொன்னது.

வேர்ச்சொல்:

கட்டம்போடுபவன் அவர்களுக்கு. நீங்கள் ஆங்கிலப் பெயர்களுக்குள் ஏதோ துல்லியமான பொருள் இருப்பதாக எண்ணி அதைத் தமிழில் தேடுகிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. லிச் என்பது பழைய ஆங்கிலத்தில் வெறும் உடல், பிணம். வைட் என்றால் 'ஒரு ஜீவன்', அவ்வளவுதான். உயிரோடு இருப்பவரையும் அப்படிச் சொன்னார்கள். ஸ்பெக்டர் லத்தீனில் 'பார்' என்ற வேரிலிருந்து வந்தது, கண்ணுக்குத் தோன்றுவது. ரெவனன்ட் பிரெஞ்சில் 'திரும்பி வருபவர்'. மம்மி, பாரசீகத்தில் மெழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து அரபு வழியாக வந்தது; அரபில் அது நிலக்கீல். பான்ஷி செத்தவளே அல்ல, ஐரிஷ் மொழியில் தேவதை மேட்டுப் பெண். கூல், அரபில் பாலைவனத்தில் திரியும் ஒரு கெட்ட சக்தி, பிடித்துக்கொள்வது என்ற வேர்; அதுவும் செத்த மனிதன் அல்ல. வானத்தில் அல்கோல் என்ற விண்மீனின் பெயரிலும் அதே கூல்தான் இருக்கிறது.

ஆக, இந்தச் சொற்களுக்குள் வேறுபாட்டை வைத்தது அகராதி இல்லை, விளையாட்டு விதிகள். அவர்கள் பக்கத்தில் கிடந்த பழஞ்சொல்லை எடுத்து, உனக்கு இந்த வேலை என்று ஒப்படைத்தார்கள். நாமும் அதைச் செய்யலாம். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பேய், கூளி, கழுது, அலகை, குறளி, வேதாளம், கவந்தம், காட்டேரி. இவற்றுக்குள்ளும் கறாரான எல்லை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள், ஆட்டம் முழுக்க அதிலிருந்து பிசகாதீர்கள்.

கூலுக்குக் கூளி. ஒலிக்காக மட்டும் சொல்லவில்லை. பரணி நூல்களில் கூளிகள் போர்க்களத்துப் பிணங்களைத் தின்பவை, செத்த மனிதர்கள் அல்ல. விளையாட்டுகளில் வரும் கூலுக்கும் அதே தொழில்.

கட்டம்போடுபவன்:

கூளி எடுத்துக்கொண்டேன். நன்றி ஐயா. அப்படியானால் என் கூளியைச் செத்தவை கூட்டத்தில் வைப்பதா வேண்டாமா?

நிரல்நெசவு:

கூட்டம், குடும்பம், மரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு உருவத்துக்கும் முத்திரைகள் குத்துங்கள். உடல் உண்டு, உடல் இல்லை. நஞ்சு ஏறாது. தூங்காது. மனமயக்கம் செல்லாது. வெளிச்சம் சுடும். மருந்து எரிக்கும். நிரலில் அதுதான் எளிது.

2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தது. 'அன்டெட்' என்று ஒரு வகை: உடல்தாங்கு மதிப்பே கிடையாது, நஞ்சு, நோய், தூக்கம், மயக்கம் எதுவும் பாதிக்காது. அதன்மேல் 'உடலற்றது' என்று ஒரு துணை முத்திரை. பிணங்களைத் தைத்துச் செய்த சதைப்பாவை அங்கே செத்தவை வகையில் வராது, செய்பொருள் வகை. 2002இல் வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டு வந்தபோது அதேபோல் தைத்த உடல் செத்தவர் படையில் நிற்கிறது. இரண்டும் தவறில்லை. முத்திரை இருந்தால் இந்தச் சண்டையே எழாது.

சின்ன விளையாட்டுக்கு ஒரே சோதனை போதும்: குணமாக்கும் மருந்தை மேலே ஊற்று, என்ன ஆகிறது? மைன்கிராஃப்டில் குணமருந்து ஸோம்பியைக் காயப்படுத்தும், காயமருந்து அதைக் குணப்படுத்தும். மூன்று தலை விதர்கூட அப்படித்தான். ஃபைனல் ஃபேண்டசி 6இல் ஒரு பேய் ரயிலோடு சண்டை வரும். செத்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகை அதன்மேல் போட்டால் ரயில் அங்கேயே முடிந்தது. ரயில் செத்தது என்று யாரும் விளக்கம் எழுதவில்லை, இறகே சொல்லிவிட்டது.

மெழுகுவிளக்கு:

நிரல்நெசவு சொல்வது நிரலுக்குச் சரி. ஆடுகிறவருக்கு முத்திரை தெரியாதே! அவர் கண்ணில் முதலில் படுவது உருவமும் பெயரும்தான். ஓடுவதா நிற்பதா என்பதை அந்த இரண்டை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். நான்தான் ஆட்டம் நடத்தினேன். பாழடைந்த சுரங்கம், கதவுக்குப் பின்னால் ஒரு வைட். கவசம் போட்டு, வாள் பிடித்து நிற்கிறது. நான் 'வைட் ஒன்று உங்களை நோக்கித் திரும்புகிறது' என்றேன். வில்லாளியாக ஆடிய தங்கை உடனே வில்லைக் கீழே வைத்துவிட்டு, 'இதை அம்பால் தொட முடியாது, சுவருக்குள் புகுந்து வரும், எல்லாரும் வெட்டவெளிக்கு ஓடுங்க' என்று கத்தினாள். அவள் ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 ஆடி வளர்ந்தவள். அங்கே வைட் என்றால் பறக்கும் ஆவி, மேம்படுத்தினால் ரைத் ஆகும். எங்கள் விதியில் வைட் சதையும் எலும்புமான பிணம். மந்திர அம்பு அவள் கூட்டிலேயே நான்கு இருந்தது. நாலு பேரும் வெளியே ஓடி, ஒடுங்கிய வாசலில் மறிக்க வேண்டியதைத் திறந்த வெளியில் எதிர்கொண்டார்கள். இரண்டு பாத்திரங்கள் செத்தன. தங்கை அன்று முழுக்கப் பேசவில்லை. அவள்மேல் தப்பே இல்லை. நான் சொன்ன பெயர் அவளுக்கு ஒரு வாக்கு கொடுத்தது, விதி வேறு வாக்கு கொடுத்தது.

கூலும் அப்படித்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொட்டால் கைகால் இழுத்துக்கொள்ளும். வெஸ்னோத்தில் நகத்தில் நஞ்சு. வார்கிராஃப்ட் 3இல் அதுதான் மரம் வெட்டிக்கொண்டு வரும். மூன்று விளையாட்டு, மூன்று ஆள்.

அதன்பிறகு நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பிரிக்கிறேன். இது ஏன் இன்னும் போகவில்லை? எது இதைப் பிடித்து வைத்திருக்கிறது? உடல் உண்டா இல்லையா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் படத்திலேயே காட்டிவிடலாம். பிடித்து வைத்திருப்பது எது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை அறுத்தால்தான் அது போகும்.

எலும்புக்கூட்டைப் பிடித்திருப்பது இன்னொருவரின் மந்திரம். மந்திரக்காரனை முடித்தால் அதுவும் சரிய வேண்டும். டார்க் சோல்ஸில் பிணக்குழித் தளத்து எலும்புக்கூடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை நொறுக்கினாலும் கூடிக்கொண்டு எழும். புனித ஆயுதம் வேண்டும், இல்லையென்றால் அவற்றை எழுப்புகிறவனைத் தேடிப் போக வேண்டும். அந்த இருட்டில் விளக்குப் பிடித்தவனைக் கண்டுபிடித்துக் கொன்றதும் எலும்புகள் எழாமல் கிடந்தபோது எனக்குப் புரிந்தது, இது எதிரியல்ல, எதிரியின் கை என்று. ரெவனன்டைப் பிடித்திருப்பது அதன் சொந்த வஞ்சினம். அது தீரும்வரை நூறு தடவை வெட்டினாலும் வரும். லிச் என்ற செத்த மந்திரவாதியைப் பிடித்திருப்பது, தன் உயிரை ஒரு பொருளில் ஒளித்துவைக்க அவனே செய்த ஏற்பாடு. வாம்பயரைப் பிடித்திருப்பது பசி.

மூத்தபகடை:

மெழுகுவிளக்கு, நாற்பது வருடமாக ஆடுகிறேன், இதை இப்படி யோசித்ததில்லை. எங்கள் ஏணியைவிட இது மேல்.

ஒரு சிக்கல் மட்டும். நோய் பரவி எழும் ஸோம்பியை எதில் வைப்பாய்? அவனை யாரும் எழுப்பவில்லை, அவனுக்கு ஆசையும் இல்லை. திரையில் இந்த வகையை நிலைநிறுத்திய 1968ஆம் ஆண்டுப் படமான 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'டிலேயே அந்தச் சொல் வராது, கூல் என்றுதான் சொல்வார்கள். ஹைட்டியில் பிறந்த ஸோம்பி எசமானுக்கு உழைக்கும் அடிமை. படத்து ஸோம்பிக்கு எசமானே கிடையாது.

மெழுகுவிளக்கு:

ஐயா, அப்படியானால் அவை இரண்டு, ஒரே பெயரில் திரிகின்றன. எசமான் உள்ளதற்கு ஒரு பெயர், தொற்றி எழுவதற்கு இன்னொரு பெயர். ஆடுகிறவர் செய்ய வேண்டியதும் வேறுவேறு. முதலாவதில் எசமானைத் தேடணும். இரண்டாவதில் கடிபடாமல் இருக்கணும்.

நிரல்நெசவு:

சரி, நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். முத்திரை நிரலுக்குள் இருக்கட்டும், பெயர் பிடிப்பைச் சொல்லட்டும். ஆனால் உங்கள் பிரிவும் ஓர் இடத்தில் வளையும், ஆடுகிறவரே செத்தவராக வரும்போது. வார்கிராஃப்ட் 3இல் வீரனின் ஒளிமந்திரம் செத்தவரைச் சுடும். அதே உலகத்தை வைத்து 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் செத்த இனத்தை நாமே எடுத்து ஆடலாம், அப்போது அந்த ஒளி அவர்களைக் குணப்படுத்துகிறது. செத்தவரைக் கட்டும் மந்திரம் அவர்கள்மேல் செல்லாது, மனிதவகை என்றே கணக்கு. கதையில் பிணம், விதியில் மனிதர். வேறு வழியும் இல்லை, கூட்டாளியைக் குணப்படுத்த முடியாத குழுவில் யார் சேர்வார்கள்? கட்டம்போடுபவன், உங்கள் ஆட்டத்தில் செத்தவர் படையை ஆட்டக்காரர் நடத்த முடியுமா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கட்டம்போடுபவன்:

நடத்தலாம். அப்போதும் மருந்து அவர்களைச் சுடும். அவர்களுக்கு மருத்துவர் கிடையாது, எழுப்புகிறவன் உண்டு. இந்த இழையைப் படித்தபின்தான் அதை உறுதி செய்தேன்.

வேர்ச்சொல்:

பிடிப்பை வைத்துப் பெயர் என்றால் நான் சிலது சொல்கிறேன்.

மந்திரத்தால் எழுந்து எசமானுக்கு உழைப்பது 'ஏவற்பிணம்'. ஏவல் என்ற சொல் வந்தவுடனே 'ஏவியவன் யார்?' என்ற கேள்வியும் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அதுதானே. நடைபிணம் என்று போட்டுவிடாதீர்கள். வாழ்க்கையில் பிடிப்பற்றுத் திரிகிறவனைச் சொல்லும் பேச்சுவழக்காக அது தேய்ந்துவிட்டது. பயம் வராது, பரிதாபம்தான் வரும். தொற்றி எழுவதற்குத் 'தொற்றுப்பிணம்' என்றே நேராகச் சொல்லலாம்.

ரெவனன்டுக்கு 'மீளி'. மீள்பவன். பழந்தமிழில் மீளி என்றால் வீரன் என்ற பொருளும் உண்டு. வஞ்சினத்தோடு திரும்பி வரும் வீரனுக்கு இரண்டும் பொருந்துகிறது. டெத் நைட்டையும் இதற்குள்ளேயே ஒரு படியாக வைக்கலாம். தலையில்லா உடல் இருந்தால் அதற்குக் கவந்தம் தயாராக இருக்கிறது, வேறு தேட வேண்டாம். வாம்பயருக்குக் காட்டேரி, ஏற்கெனவே எல்லாரும் புழங்குவது.

கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது என்ற ரைத், ஸ்பெக்டர் வகைக்கு 'அருவுரு'. உருவும் அருவும் கலந்த நிலைக்குச் சைவ நூல்கள் அருவுருவம் என்பார்கள். மெல்லிய சொல். அதை வாளால் வெட்டலாம் என்று யாருக்கும் தோன்றாது.

லிச்தான் நமக்கு மிக எளிது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? லிச் அவன்தான். கூடுதலாக அவன் செத்தும் போயிருக்கிறான், அவ்வளவுதான். 'உயிரொளித்தான்' என்று வையுங்கள். கேட்டதும் எங்கே ஒளித்தான் என்று தேடப் போவார்கள். அவன் உயிர் இருக்கும் பொருளுக்கு 'உயிர்ச்சிமிழ்'. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருந்த ஃபிலாக்டரி என்ற சொல் யூதர்கள் வழிபாட்டில் அணியும் பெட்டியின் பெயர். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு மேசை விளையாட்டு பின்னாளில் அதை விட்டுவிட்டு ஆன்மாக்கூண்டு என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. பிறர் புனிதமாகக் கருதும் பொருளின் பெயரைக் கொடியவனிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

படிக்கட்டில்நிற்பவள்:

உயிரொளித்தான்! இதைப் படித்ததும் எனக்கு உடனே அந்த ஆட்டத்தை ஆடணும்போல் இருக்கு. பொதுப்பெயர் என்ன ஆச்சு? 'சாவுயிர்' சரியா வருமா? சாவும் உயிரும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்குது. உடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

வேர்ச்சொல்:

நான் 'போகாதவை' என்று யோசித்து வைத்திருந்தேன். சாவுயிர் அதைவிட நன்றாக இருக்கிறது அம்மா. பன்மையிலும் சாவுயிர்கள் என்று நாக்கில் தடையின்றி வருகிறது.

கட்டம்போடுபவன்:

நேற்றிரவு உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினேன். 19 இப்போது 11. பெயர் மட்டும் வேறு, பிடிப்பு ஒன்று என்று இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ரைத், ஸ்பெக்டர், கோஸ்ட் மூன்றும் அருவுரு. வைட்டை நீக்கிவிட்டேன், அதற்கென்று தனிப் பிடிப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பான்ஷியையும் எடுத்து வனதேவதைகள் பக்கம் வைத்தேன். கூளி செத்தவை கூட்டத்தில் இல்லை, ஆனால் அவற்றின் பின்னாலேயே வரும், களத்தில் விழுந்த உடல்களைத் தின்று பலம் ஏற்றிக்கொள்ளும். அதனால் அதன்மேல் மருந்து ஊற்றினால் அது குணமாகும். ஆடுகிறவர்கள் ஒருமுறை ஏமாந்து கற்றுக்கொள்ளட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு மெழுகுவிளக்கின் தங்கை நினைவுக்கு வந்தாள். கூளி மூச்சுவிடுவது படத்தில் தெரியும்படி வரைந்துவிட்டேன், மார்பு ஏறி இறங்கும்.

மீளியின் அட்டையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "மீளி. வீழ்ந்த மூன்றாம் முறையில், வீழ்ந்த கட்டத்திலேயே எழும். தன்னைக் கொன்றவன் களத்தில் இல்லையென்றால் எழாது." யார் கொன்றார்கள் என்பதை ஆட்டம் நினைவில் வைக்கும். இன்று காலை ஆடிப்பார்த்த ஒருவர், மீளியை வீழ்த்திய தன் வேல்வீரனை அடுத்த முறையே களத்திலிருந்து பின்வாங்க வைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பெயரையும் இரண்டு வரியையும் மட்டும் படித்தார்.

மம்மி மட்டும் நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது எது? மற்றவை எல்லாம் போகாமல் நிற்கின்றன. இதை வேறொருவர் பத்திரப்படுத்தி, போகாதே என்று கட்டிவைத்திருக்கிறார்கள். காவலா, அன்பா, சாபமா?

மெழுகுவிளக்கு:

கல்லறையைத் திறந்தால்தானே அது எழுகிறது? யாரும் தொடாதவரை அது சாவுயிரே இல்லை. உங்கள் ஆட்டக்காரர்தான் அதை எழுப்புகிறார். பெயரை அங்கிருந்து தேடுங்கள். மூடிய பேழைமேல் ஒரு பெயர், திறந்தபின் வேறு பெயர் என்று வைக்க முடியுமா?

கட்டம்போடுபவன்:

முடியும். மூடியிருக்கும்போது 'துயில்வோன்'. திறந்தபின் என்ன என்று இன்று யோசித்து வருகிறேன்.